பின்சிக்கு அழைத்தல் வந்த கதை

ஏலப்பாறை ஆட்டோ ஸ்டாண்டில் பின்சியிடம் வாயைக் கொடுத்துவிட்டுச் சும்மா திரும்பிப் போனவர் யாரும் கிடையாது. முப்பதைத் தொட்ட பெண். மூடுபனி இறங்கி எதிரே வருவது லாரியா மாடா என்று தெரியாத வளைவுகளில் ஹாரனை மட்டும் நம்பி வண்டியை இறக்குகிறவள். சவாரிக்கு வந்தவர் கூலியைப் பற்றி முனகினால், "அப்ப நடந்து போங்க, உடம்புக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்பேர்ப்பட்டவளை ஊர் கூடி ஒரே வாரத்தில் கன்னியாஸ்திரி ஆக்கிவிட்டது. கேட்டால் சிரிப்பீர்கள். எல்லோரும் சிரித்தார்கள், பிற்பாடு. அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நடந்தது இதுதான். அம்மா ரோசி தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு மழையோடு வீடு வந்தாள். இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை அவிழ்த்துப் போட்ட கையோடு கல்யாணப் பேச்சை எடுத்தாள்.

"ஏட்டி, பீருமேட்டுல ஒரு எடம் வந்திருக்கு. பையன் ரிசார்ட்டுல வேலை பாக்கான். ஒரு தடவை பாரு. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிரு."

"எம்மா, எனக்கு எந்த ஆம்பளையையும் பாக்க வேண்டாம். நான் கல்யாணம் கட்டப் போறதில்ல. இதோட விட்ரு."

"ஒரேயடியாவா?"

"ஒரேயடியாத்தான்."

ரோசி கத்தியிருக்க வேண்டும். அகப்பையாவது பறந்திருக்க வேண்டும். அவளோ அப்படியே பலகையில் உட்கார்ந்தாள். கண் நிறைந்துவிட்டது. எழுந்து வந்து மகளின் நெற்றியில் முத்தம் வைத்து, "மாதாவே, இந்த வீட்டுக்கா!" என்றாள். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது என்று பின்சி நினைத்தாள். அந்தச் சந்தோஷத்தில் கப்பைக்கிழங்கும் மீனும் வழக்கத்தைவிட ஒரு பிடி கூடவே சாப்பிட்டாள். பைத்தியக்காரி!

அம்மாவுக்குப் புரிந்தது வேறு. தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிக்கிடக்கும் அந்த எஸ்டேட் லயத்தில், அதுவும் ஒரு கத்தோலிக்க வீட்டில், கைகால் சுகமாக இருக்கிற ஒரு பெண் ஆணே வேண்டாம் என்று சொன்னால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு: தேவ அழைத்தல். கர்த்தர் கூப்பிட்டுவிட்டார், பெண் மடத்துக்குப் போகப் போகிறாள். வேறு அர்த்தம் இருக்கக்கூடும் என்று ரோசிக்குத் தோன்றவே இல்லை. தோன்றாததற்கு அவளைக் குறை சொல்லவும் முடியாது. அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அப்பா ஏசுரத்தினம் தேயிலை ஃபாக்டரித் தொழிலாளி. அதோடு எஸ்டேட் கோயிலின் உபதேசியாரும் அவர்தான். பூசைக்குப் பங்குச் சாமியார் கீழேயிருந்து ஜீப்பில் வந்து போவார். மற்றபடி மணி அடிப்பது, ஜெபம் சொல்வது, விசுவாசிகள் மன்றாட்டு வாசிப்பது எல்லாம் ஏசுரத்தினத்தின் பாடு. யார் வீட்டில் காய்ச்சல், யாருக்குப் பரீட்சை என்று கேட்டறிந்து ஞாயிறுதோறும் மன்றாட்டில் சேர்ப்பார். அந்த ஞாயிறு அவர் குரல் கொஞ்சம் நடுங்கியது.

"தன் வாழ்வை உமக்கே அர்ப்பணிக்க முன்வந்திருக்கும் எங்கள் பிள்ளை பின்சிக்காக, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோயில் முழுக்க. கடைசி வரிசையில் தூக்கக் கலக்கத்தோடு நின்ற பின்சியும் கூடச் சேர்ந்து சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்த பெயர் தன்னுடையது என்று அவளுக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும். கெட்ட வார்த்தை கலக்காமல் வானிலை பற்றிக்கூடப் பேசத் தெரியாத ஆட்டோக்காரன் ஜோமோன், ஸ்டாண்டில் அவளைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டான். "ஸாரி சிஸ்டரே, பழக்க தோஷம்" என்றான். சவாரிக்கு ஏறிய பெண்கள் தங்கள் பிள்ளைகளின் நர்சிங் இன்டர்வியூவுக்காக ஜெபிக்கச் சொன்னார்கள். கூலியைப் பற்றி ஒருவரும் முனகவில்லை. மிச்சத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினார்கள். "நான் மடத்துக்கெல்லாம் போகலப்பா!" என்று அவள் ஸ்டாண்டில் நின்று கத்தியும் பார்த்தாள். ஆகா, என்ன தாழ்ச்சி என்று அதற்கும் புகழ்ந்தார்கள். மனுஷி என்னதான் செய்வாள்?

'இல்லை' என்று வீட்டில் அடித்துச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும்: பின்னே கல்யாணம் ஏன் வேண்டாம்? அந்தக் கேள்விக்கு அவளிடம் இருந்த பதிலின் பெயர் இந்து.

இந்து, கோயமுத்தூர் எல்லையில் இருக்கிற வாளையாறுக்காரி. அரசு பஸ்ஸில் கண்டக்டர்; கட்டப்பனை பக்கம் வேலை கிடைத்து மலை ஏறியவள், ஏலப்பாறையிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஒரு நாள் பின்சியின் ஆட்டோ பஸ் நிறுத்தத்தை அடைத்துக்கொண்டு நின்றது. பஸ்ஸிலிருந்து பை குலுங்க இறங்கிய இந்து, "ஏனுங்க, ரோட்டை உங்கூட்டுச் சீதனமா எழுதிக் குடுத்துட்டாங்களாங்க? சித்த எடுங்க" என்றாள். பின்சியை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகத் திட்டியிருக்கிறார்கள். மரியாதை ஒரு துளி குறையாமல் திட்டியது இவள் ஒருத்திதான். பின்சி பதில் பேசாமல் வண்டியை எடுத்தாள். ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. மறுநாளும் வேண்டுமென்றே அங்கேயே கொண்டுபோய் நிறுத்தினாள். அப்படி ஆரம்பித்ததுதான். இப்போது இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது. அவள் இல்லாத நாள் பின்சிக்கு நாளாகவே இல்லை. இந்து இன்னமும் 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவாள்; சண்டை என்றால் 'ங்க' இன்னும் இரண்டு கூடும்.

சிஸ்டர் விவகாரத்தைக் கேட்டு, வாகமண் ரோட்டில் ஓரங்கட்டிய ஆட்டோவுக்குள் உட்கார்ந்து இந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பேசாம உங்கூட்ல சொல்லிப்போடுங்க. நான் லெஸ்பியன்னு சொல்லுங்க, முடிஞ்சுது. எங்கூட்ல சொன்னப்ப எங்கம்மா சோறே திங்கலீங்க. அப்பறம் தின்னாங்க."

"அது உன் வார்த்தை இந்து. எனக்கு அது சேராது."

"சேராதுன்னா?"

"ரிஜின்னு ஒருத்தன் இருந்தாம்லா, சொல்லியிருக்கேனே. அவனை நான் நெசமாவே விரும்புனேன். ஊருக்காகப் போட்ட வேஷம் இல்ல. அவன் ஏமாத்துனதுனால ஆம்பளையே வெறுத்துப் போச்சு, அதுவும் இல்ல. அப்ப அவன் மேல ஆசை இருந்துச்சு. இப்ப உன் மேல இருக்கு. எனக்கு ரெண்டும் வரும். பைசெக்சுவல்னு சொல்லுதாகளே, அதான் நான்."

இந்துவின் முகத்திலிருந்த சிரிப்பு போயிற்று. கோயமுத்தூரில் வேலை பார்த்த நாளில் அவளுக்குச் செல்வலட்சுமி என்றொரு காதலி இருந்தாள். அவளும் இதே வார்த்தையைத்தான் சொன்னாள். வீட்டில் அழுதார்கள், பொள்ளாச்சிப் பக்கம் ஒருவனைக் காட்டினார்கள். கல்யாணத்துக்கு இந்துவே போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தாள். அந்தக் காயம் ஆறாதது பின்சிக்குத் தெரியும்.

"உங்கம்மாகிட்ட இதைச் சொன்னா என்ன சொல்லுவாங்கன்னு நான் சொல்லட்டுங்களா?" என்றாள் இந்து. "'அப்ப ஆம்பளையவும் பிடிக்குமல்லோ, ஒருத்தனைக் கட்டிக்க'ம்பாங்க. கதவை நீங்களே தெறந்து உடறீங்க. ஒரு நா இல்லாட்டி ஒரு நா அந்தக் கதவு வழியா நீங்களும் போயிருவீங்க. ஒத்த வார்த்தைதானுங்களே? லெஸ்பியன்னே சொல்லிப்போடுங்க. எனக்கோசரம் சொல்லுங்க."

பின்சி ஆகட்டும் என்று சொல்லிவிட்டால் இந்து அவளுடையவள். சொல்ல நாக்கு வரவில்லை. இந்து இறங்கி, எதிரே வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டாள்.

பின்சி இந்த வார்த்தையை ஏதோ அன்றைக்குத்தான் பொறுக்கி எடுத்தாள் என்று நினைக்க வேண்டாம். இந்து வந்த நாளிலிருந்தே அவள் மனசுக்குள் இந்த விசாரணை நடந்துகொண்டிருந்தது. சவாரி கிடைக்காத மத்தியானங்களில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, மலையாளத்திலும் தமிழிலும் இதைப் பற்றிப் பேசுகிறவர்களின் வீடியோக்களைக் கேட்பாள். பாட்டு கேட்கிறாள் என்று ஸ்டாண்டில் நினைத்துக்கொள்வார்கள். கேட்ட வார்த்தை ஒவ்வொன்றையும், வளையல் கடையில் கையை நுழைத்துப் பார்க்கிற மாதிரி, தனக்குப் பார்த்தாள். லெஸ்பியன், தமிழில் தன்பாலீர்ப்பு என்றார்கள். கொஞ்ச நாள் தானும் அதுதான் என்று வைத்துக்கொண்டாள். இந்துவும் அதே என்பதால் அதில் ஒரு துணை இருந்தது. ஆனால் அது பொருந்த வேண்டுமென்றால் ரிஜினைப் பொய்யாக்க வேண்டியிருந்தது. ஏலக்காய் ஸ்டோரில் வேலை முடித்து அவன் பைக் மேடேறும் சத்தம் கேட்டாலே இருபது வயதுப் பின்சி கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். அவன் வளைகுடாவுக்குப் போய் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்ட செய்தி வந்தபோது, அழுத அழுகையில் வண்டி ஓட்ட முடியாமல் கிடந்தாள். அது பொய்யா? பொய் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. நடந்ததை நடக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

யார் மேலும் அந்த மாதிரி ஆசையே வராதவர்களும் உண்டு, அதற்கும் பெயர் உண்டு என்று ஒருத்தி விளக்கினாள். பிற்பாடு அம்மாவிடம் சொன்ன வாக்கியத்துக்கு அது பொருந்தும்தான். அந்த வீடியோ ஓடுகிற சமயம் பார்த்து இந்து பஸ் படியில் தொங்கிக்கொண்டு, தலைமுடி காற்றில் பறக்க, ஸ்டாண்டைக் கடந்து போனாள். பின்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நமக்கு அது இல்லையப்பா என்று அடுத்த வீடியோவுக்குப் போனாள்.

பெயரே வேண்டாம், பிடித்தவரைப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் என்றும் சிலர் சொன்னார்கள். அது அவளுக்கு ரொம்பப் பிடித்தது. அப்படியே இருந்துவிடலாம் என்று பல மாதம் இருந்தாள். அப்புறம்தான் இந்த அழைத்தல் வந்து சேர்ந்தது. பெயர் வைக்காமல் இருப்பது பெரிய ஊரில் நடக்கும் போல. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் தண்ணீர் மொண்டு நீட்டுகிற லயத்தில், நீ வைக்காத பெயரை ஊரே வைத்துவிடும். சிஸ்டர் என்று வைத்தும் விட்டார்கள்.

மிஞ்சியது பைசெக்சுவல். அதைப் பற்றி வீடியோக்களுக்குக் கீழே எழுதியிருந்த கமெண்டுகளைப் படித்தால் வாந்தி வரும். ரெண்டுங்கெட்டான் என்றார்கள், எது வேண்டும் என்று தெரியாதவர்கள் என்றார்கள், ஒருவரோடு நிலைக்க மாட்டார்கள் என்றார்கள். பின்சிக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. எது வேண்டும் என்று தெரியாதவள் குட்டிக்கானம் இறக்கத்தில் ஒரு நாள் வண்டி ஓட்டிப் பார்க்கட்டும்! அவளுக்கு எப்போதுமே தெரிந்திருந்தது. அன்றைக்கு ரிஜின் வேண்டும் என்று தெரிந்தது, இன்றைக்கு இந்து வேண்டும் என்று தெரிகிறது. ஆணையும் பெண்ணையும் விரும்பக்கூடிய மனசு என்பதும், இன்றைக்கு யாரோடு இருக்கிறோம் என்பதும் இரண்டு வேறு சங்கதி. இவ்வளவு எளிய விஷயத்தை ஏன் இத்தனை பேர் குழப்பிக்கொள்கிறார்கள் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. தமிழில் இருபாலீர்ப்பு. ஆளில்லாத வளைவில் வண்டியை நிறுத்தி, வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் சரியாக இருந்தது.

ஆக, இந்து இறங்கிப் போன அன்று பின்சிக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை. பயம்தான் இருந்தது. பொய் சொன்னால் இந்து நிற்பாள். உண்மையைச் சொன்னால் போய்விடுவாள் போல இருக்கிறது. பொய்க்கு நின்றவளோடு ஆயுசுக்கும் எப்படிக் குடும்பம் நடத்துவது? ஒரு நாள் வாய் தவறி ரிஜின் பெயரைச் சொன்னால் வீடு தீப்பிடிக்குமே.

அடுத்த ஞாயிறு பின்சியைப் பார்க்க மடத்திலிருந்து சிஸ்டர் வருகிறார் என்று ஏசுரத்தினம் தலைகால் புரியாமல் திரிந்தார். பின்சி இந்துவுக்குப் போன் போட்டாள்.

"ஞாயித்துக்கிழமை எங்க கோயிலுக்கு வா."

"எதுக்குங்க?"

"வீட்டுல சொல்லப் போறேன். உனக்குப் பிடிக்காத வார்த்தையத்தான் சொல்லப் போறேன். நீ பக்கத்துல நின்னு கேக்கணும். கேட்டுட்டுப் போணும்னா போ, நான் மறிக்க மாட்டேன்."

அந்தப் பக்கமிருந்து "வாரனுங்க" என்று மட்டும் வந்தது.

வந்தாள். எப்போது எழுந்து நிற்பது, எப்போது முழங்காலிடுவது என்று தெரியாமல் கடைசி வரிசையில் எல்லோருக்கும் ஒரு நொடி பின்னாலேயே செய்துகொண்டிருந்தாள். மன்றாட்டு வந்தது. முன்வரிசையில் மடத்துச் சிஸ்டர். ஏசுரத்தினம் மகளைப் பெருமையோடு பார்த்து, "இன்னிக்குப் பின்சியே தனக்காக மன்றாட்டுச் சொல்லும்" என்று மைக்கை விட்டு நகர்ந்தார்.

பின்சி நின்ற இடத்திலிருந்தே சொன்னாள். மைக் அவளுக்கு எதற்கு?

"எனக்கு அழைத்தல் வரல. கல்யாணம் வேண்டாம்னு சொன்னேன், வீட்டுல தப்பா விளங்கிட்டாக. எனக்காக ஜெபிச்ச எல்லாருக்கும் நன்றி. அந்த ஜெபத்தை உண்மையிலே மடத்துக்குப் போக ஆசப்படுற பிள்ளைகளுக்குக் குடுத்துருங்க."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பழக்கத்தில் பாதிக் கோயில் சொல்லிவிட்டது. மீதிப் பாதி வாயைப் பிளந்து நின்றது. ஏசுரத்தினத்தின் காது சிவந்தது. பூசை முடிந்து வெளியே வந்த சிஸ்டர்தான் அவரைத் தேற்றினார். "விடுங்க உபதேசியாரே. இஷ்டமில்லாத பிள்ளையை மடத்துல வச்சு நாங்க என்ன பண்ண? இப்பவே சொன்னது நல்லது" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ரோசி கதவைச் சாத்தினாள். கூடவே வந்து கதவோரம் நிற்கிற இந்துவை அவள் கணக்கிலேயே எடுக்கவில்லை.

"சபைக்கு முன்னாடி உங்கப்பாவைத் தலைகுனிய வச்சிட்டியேட்டி! மடமும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம்னா என்னத்துக்குட்டி உயிரோட இருக்க?"

"உக்காரும்மா. சொல்லுதேன்." பின்சி பலகையில் உட்கார்ந்தாள். "நான் இந்துவை விரும்புதேன். இந்தா நிக்காளே, இவளைத்தான். கூட்டுக்காரி மாதிரி இல்ல, கட்டிக்கிட்டவ மாதிரி. காலம் பூரா இவகூட இருக்கணும்னு நெனைக்கேன்."

ஏசுரத்தினம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ரோசி மகளையும் இந்துவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பொய் சொல்லாத. ரிஜின் போனப்ப நீ அழுதது எனக்குத் தெரியாதா? வாரக்கணக்குல சோறு தண்ணி இல்லாமக் கெடந்தியே, நான்லா ஊட்டி விட்டேன். பொம்பளையைத்தான் பிடிக்கும்னா அது என்னவாம்?"

பின்சி இந்துவைப் பார்த்தாள். இந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த இடத்தில் ஒரு சின்னப் பொய் போதும். அது சும்மா, சின்ன வயசு, அப்போது எனக்கு விவரம் தெரியாது என்று சொன்னால் அம்மாவின் வாயும் அடையும், இந்துவின் மனசும் ஆறும்.

"அதுவும் உண்மைதாம்மா" என்றாள் பின்சி. "எனக்கு ஆம்பளையவும் பிடிக்கும், பொம்பளையவும் பிடிக்கும். என்னை மாதிரி நெறைய பேரு இருக்காக. பைசெக்சுவல்னு பேரு. தமிழ்ல இருபாலீர்ப்பு. எனக்கு வேற யாரும் பேரு வைக்க வேண்டாம். என் பேரு இதுதான்."

இந்து சொன்ன மாதிரியேதான் ரோசி கேட்டாள். முகத்தில் ஒரு வெளிச்சமே வந்துவிட்டது அவளுக்கு.

"அப்ப ஆம்பளையவும் பிடிக்கும்லா? ஏட்டி, அப்புறம் என்னட்டி! பீருமேட்டுக்காரனை வரச் சொல்லுதேன். முடியாத காரியம்னா சரிங்கலாம். உன்னாலதான் முடியும்லா?"

"முடியும்" என்றாள் பின்சி. "கட்டிக்கிட்டு நல்லாவே குடும்பம் நடத்தவும் முடியும். ஆனா கட்ட மாட்டேன். முடியலன்னு இவகிட்ட வந்து நிக்கலம்மா. வேற வழி இல்லாம வரல. எல்லா வழியும் தெறந்துதான் கெடக்கு. எனக்கு இவதான் வேணும்."

ரோசி மகளை விட்டுவிட்டு, முதல் தடவையாக இந்துவிடம் நேராகப் பேசினாள். அழுகையும் ஆத்திரமுமாக இருந்தது குரல்.

"நீ கெளம்பும்மா. உனக்குப் பஸ்ஸு போயிரும். இது எங்க வீட்டு விஷயம், நாங்க பேசிக்கிடுதோம்."

பின்சி இந்துவைத் தடுக்கவில்லை. தடுக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். இந்து தலை நிமிர்ந்தபோது கன்னமெல்லாம் நனைந்திருந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் கதவோரத்தை விட்டு நகர்ந்து உள்ளே வந்தாள். பின்சியை ஒட்டி அதே பலகையில் உட்கார்ந்தாள்.

"நான் போகலீங்கம்மா" என்றாள் ரோசியிடம். "திட்டறதுன்னா எனக்கும் சேத்தே திட்டுங்க. கேட்டுக்கறனுங்க."